தெருக்கூத்து கேசட் 180, ஸ்பூல் 22: கணினியில் ஏற்ற எங்கிருந்து தொடங்குவது?

கூத்துப்பெட்டி எழுதியது:

வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு சிறு நூலகத்துக்கு ஆய்வாளர் ஒருவரின் ஒலிப்பதிவுகள் மொத்தமாக வந்திருக்கின்றன. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் 1978 முதல் 1991 வரை பதிவு செய்தவை. 180 கேசட் (அநேகமாக எல்லாம் சி-90, அதாவது 90 நிமிடம்), 5 அங்குல ஸ்பூல் (கூடில்லாத திறந்த டேப் சுருள்) 22. கூடவே ஒரு பெட்டி நிறைய 78 ஆர்பிஎம் கிராமபோன் தட்டுகள், சுமார் 40.

வாக்மேன் மாதிரி இருக்கும் யுஎஸ்பி கருவி ஒன்றில் 4 கேசட் ஓட்டிப் பார்த்தோம். குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாக இருக்கிறது, பின்னால் "ம்ம்ம்" என்று விடாத உறுமல். இரண்டு கேசட்டில் சுருள் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறது. ஸ்பூல் பெட்டிகளில் மூன்றைத் திறந்தால் வினிகர் வாடை.

உதவிக்கு வரும் தம்பி, "320 எம்பி3-யில் ஏத்திட்டு ஆடாசிட்டியில நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா முடிஞ்சுது சார்" என்கிறார். ஆடாசிட்டி என்பது ஒலியைப் பதியவும் திருத்தவும் உள்ள மென்பொருள். அது போதுமா? எந்த டெக், எந்த செட்டிங், எவ்வளவு ஹார்ட் டிஸ்க், எத்தனை நாள் ஆகும்? பட்ஜெட் குறைவு.

---

நாலாவது ஹெட் எழுதியது:

முதல் வேலை, எந்த கேசட்டையும் எந்த மிஷினிலும் போடுவதற்கு முன்: கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். களப்பதிவுக்காரர்கள் பழைய சினிமாப் பாட்டு கேசட்டை வாங்கி, காது உடைந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டி அதன்மேல் பதிவு செய்வது வழக்கம். அப்படி ஒட்டியிருந்தால் உரித்து எடுங்கள். ஒரே ஒரு முறை கை தவறி ரெக்கார்ட் பட்டனில் பட்டால் போதும், ஒரு விடிய விடியக் கூத்தில் பத்து விநாடி காலி.

அந்த யுஎஸ்பி பெட்டியைத் தூர வையுங்கள். அதன் மோட்டார் சீராக ஓடாது, டேப்பைப் படிக்கும் ஹெட் நேராக நிற்காது, உள்ளே இருக்கும் ஒலிச் சிப்பும் 16 பிட்டுக்கு மேல் தராது. உங்களுக்கு வேண்டியது ஒற்றை கேசட் டெக். ஆட்டோ ரிவர்ஸ் இல்லாதது, டபுள் டெக் அல்லாதது. பழையது வாங்கினால் பெல்ட்டும் பிஞ்ச் ரோலரும் (டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை) மாற்றியே ஆக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் அளவு சொல்லிக் கேட்டுப் பாருங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து 24 பிட் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு நேராகக் கம்பி. ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்காதீர்கள், மைக் துளையில் கொடுக்காதீர்கள்.

"போர்வைக்குள் குரல்" என்றீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த கருவியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் உங்கள் ஹெட்டும் இருந்தால்தான் உச்ச ஒலி வரும். கேசட் விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் ஓடுகிறது, 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் 5 மைக்ரானுக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடுகிறது. அதனால் மயிரிழை சாய்ந்தாலும் "ச", "ஸ", ஜால்ரா எல்லாம் போய்விடும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு அதை மீட்க முடியாது. அது இருப்பதையும் சேர்த்துத்தான் துடைக்கும்.

சரிசெய்யும் விதம்: டெக் கதவின் முன்தகட்டைக் கழற்றினால் ஹெட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு திருகு தெரியும். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பது, சில சமயம் பெயின்ட் தொட்டு வைத்திருப்பது, அதுதான் அசிமத் திருகு. அது இப்போது இருக்கும் நிலையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். காந்தம் ஏறாத சின்ன ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். கேசட்டை ஓடவிட்டு, இடது வலது இரண்டையும் கூட்டி மோனோவாகக் கேளுங்கள். கூட்டிக் கேட்பதுதான் சூட்சுமம். சாய்வு கொஞ்சம் தப்பினாலும் இரண்டு சேனலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மங்கிவிடும், அதனால் காதுக்குச் சட்டென்று பிடிபடும். ஜால்ரா ஒலிக்கும் இடமாகப் பார்த்துத் திருகைக் கால்வட்டத்துக்கும் குறைவாக, மெதுவாக, இரு பக்கமும் திருப்புங்கள். ஓரிடத்தில் "பளிச்" என்று திறக்கும். அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்கும் தனித்தனியாக.

அசிமத் சரியாக இருந்தும் மந்தமாகவே இருந்தால் கேசட்டின் வாயைப் பாருங்கள். நடுவில் செம்புத் தகட்டின் மேல் ஒரு துண்டு கம்பளி இருக்கும், அதுதான் பிரஷர் பேட். பசை காய்ந்து விழுந்திருந்தால் டேப் ஹெட்டில் அழுந்தாது. ஐந்து திருகு வைத்த புது கேசட் ஒன்றின் ஓட்டுக்குச் சுருளை மாற்றுங்கள். திருகில்லாமல் ஒட்டிய ஓடு என்றால் விளிம்பில் கத்தி வைத்துப் பிளக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் இரண்டு வழுக்குத் தாள்களையும் மறக்காமல் புது ஓட்டில் வையுங்கள். அவை இல்லாவிட்டால் டேப் கீச்சிடும்.

டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் முறை) பட்டன் ஆஃப். கையடக்க மோனோ ரெக்கார்டரில் பதிவானவற்றில் டால்பி இருக்காது; ஆன் செய்தால் மேலும் மந்தமாகும். டேப் வகை சாதா ஃபெரிக் என்றால் 120 மைக்ரோவிநாடி ஈக்வலைசேஷன் (உயர், தாழ் ஒலிகளைச் சமன்படுத்தும் அமைப்பு), குரோம் என்றால் 70. மூலப்பதிவு மோனோவாக இருந்தாலும் ஸ்டீரியோவிலேயே ஏற்றுங்கள். ஒரு ஓரம் தேய்ந்து ஒலி விட்டு விட்டு வந்தால் மற்ற சேனல் கைகொடுக்கும்.

உறுமலுக்கு: டேப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அப்போதும் இருந்தால் உங்கள் கம்பி வரிசையின் கோளாறு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள், டெக்கையும் கணினியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். டேப் ஓடும்போது மட்டும் வந்தால் அது அன்றைக்குத் திடலில் மைக்செட்டிலிருந்து ஏறிய உறுமல். அதை விட்டுவிடுங்கள், மூலக்கோப்பில் கை வைக்க வேண்டாம்.

---

உலர்ந்தபெட்டி எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. பொடிக்கும் வாடைக்கும் நான் சொல்கிறேன்.

வெள்ளைப் பொடி பூசணமாகத்தான் இருக்கும். அந்த இரண்டு கேசட்டையும் இன்றே தனியாக எடுத்து வையுங்கள். ஓட்டாதீர்கள், வேகமாகச் சுற்றவும் வேண்டாம். டெக்கில் ஏறினால் அடுத்து போடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் தொற்றிக்கொள்ளும். அவற்றைப் போட்ட யுஎஸ்பி கருவியையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு இரண்டு மூன்று வாரம் மூடி வைத்தால் ஈரப்பூசணம் காய்ந்து உதிரும் பொடியாகும். பிறகு திறந்தவெளியில், என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து சுருளின் இரு முகத்தையும் மென்மையான தூரிகையால் தள்ளுங்கள். தூசி உறிஞ்சியில் ஹெப்பா வடிகட்டி இல்லையென்றால் பயன்படுத்தாதீர்கள், பொடியை அறை முழுக்கப் பரப்பிவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. பழைய கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லேபிளை மட்டும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வினிகர் வாடை அசிடேட் (ஒரு வகைப் பழைய பிளாஸ்டிக்) டேப் சிதைகிறது என்பதற்கு அடையாளம். ஒன்று சிதைந்தால் அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். எனவே அந்த மூன்றையும் பிரித்து, குளிர்ச்சியான காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். இவற்றை மட்டும் மூடிய டப்பாவில் போடாதீர்கள், ஆவி உள்ளேயே தங்கி இன்னும் வேகமாக அரிக்கும். மற்ற 19 எந்த வகை என்று பார்க்க ஸ்பூலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுருள் வழியாக வெளிச்சம் தேன் நிறத்தில் கசிந்தால் அசிடேட், கசியாமல் இருட்டடித்தால் பாலியெஸ்டர். அசிடேட் இழுத்தால் படக்கென்று நேராக முறியும். முறிந்தாலும் ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் முறியாமல் நீளும், நீண்ட இடம் நீண்டதுதான்.

இணையத்தில் "டேப்பை அவனில் வேகவைக்கலாம்" என்று படிப்பீர்கள். அது 1970-80-களின் சில பாலியெஸ்டர் ஸ்டுடியோ டேப்புகளுக்கு, ஆம்பெக்ஸ் 456 மாதிரி முதுகில் கறுப்புப் பூச்சு உள்ளவற்றுக்குச் செய்யும் வைத்தியம். பைண்டர் (காந்தப் பொடியை டேப்பில் பிடித்து வைக்கும் பசை) ஈரம் குடித்துப் பிசுபிசுப்பதால் சுமார் 50 டிகிரியில் பல மணிநேரம் உலர்த்துவார்கள். அசிடேட்டுக்கு இதைச் செய்தால் சுருண்டு பாழாகிவிடும். வீட்டு அவன் எதற்குமே வேண்டாம், அதன் வெப்பம் கட்டுப்பாட்டில் நிற்காது.

ஸ்பூலை ஓட்ட அவசரப்படாதீர்கள். 5 அங்குலம், களப்பதிவு என்றால் பெரும்பாலும் அரைத்தட மோனோ (டேப் அகலத்தில் பாதி ஒரு பக்கம், மறுபாதி எதிர்த்திசையில் மறுபக்கம்), விநாடிக்கு 9.5 செ.மீ. வேகம். 600 அடி டேப் என்றால் ஒரு பக்கம் 32 நிமிடம். 19 செ.மீ. வேகத்தில் பதிவானவை இருந்தால் ஈக்வலைசேஷன் என்ஏபி தரமா ஐஇசி தரமா என்று பார்க்க வேண்டும், இரண்டும் வேறு, 9.5-இல் அந்தத் தலைவலி இல்லை. ஓட்டும்போது பேச்சுக்குப் பின்னால் தலைகீழான பேச்சும் கேட்டால், டேப்பின் தடமும் உங்கள் ஹெட்டின் தடமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். நல்ல ஸ்பூல் மிஷினைச் சர்வீஸ் செய்து தருகிறவர்கள் இப்போது மிகக் குறைவு. 22 ஸ்பூலுக்காக ஒரு மிஷின் வாங்குவதைவிட, களப்பதிவுகளைப் பாதுகாக்கும் நிறுவனத்திடம் கேட்பது மேல். 1982-இல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவண மையம் இந்த மாதிரிச் சேகரிப்புகளுக்கென்றே இருப்பது.

---

பிட்கணக்கு எழுதியது:

செட்டிங் பற்றி. மூலக்கோப்பு எம்பி3 ஆகவே ஆகாது. வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு), 24 பிட். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ தன் டிசி-04 வழிகாட்டியில் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் என்கிறது, 96-ஐப் பரிந்துரைக்கிறது. கையடக்க ரெக்கார்டரில் பதிவான கேசட்டில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் இரைச்சல்தான் இருக்கும், 48 போதும் என்பது என் கட்சி. 78 தட்டுக்கு மட்டும் 96 கட்டாயம்: கீறல் சத்தம் எவ்வளவு கூர்மையாகப் பதிவாகிறதோ அவ்வளவு சுத்தமாகப் பின்னால் எடுக்க முடியும்.

இடக் கணக்கு: 96/24 (96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்) ஸ்டீரியோ நிமிடத்துக்கு சுமார் 34.5 எம்பி, மணிக்கு 2.07 ஜிபி. 180 சி-90 என்றால் 270 மணிநேரம், ஏறக்குறைய 560 ஜிபி. 48-இல் பாதி. 2 டிபி டிஸ்க்கில் எப்படியும் அடங்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சாதா வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, 96/24-இல் அது 2 மணிநேரத்துக்குச் சற்று மேல். பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்தால் பிரச்சினை வராது.

விண்டோஸில் ஒரு பொறி இருக்கிறது. ஆடாசிட்டியில் 96000 என்று போட்டுவிட்டு, விண்டோஸ் ஒலி அமைப்பில் 48000 என்று விட்டிருந்தால், நடுவில் விண்டோஸ் தானாக மாற்றிக் கொடுக்கும்; கோப்பு 96 என்று பொய் சொல்லும். ஆடாசிட்டியில் வசாபி (விண்டோஸின் ஒலி வழிகளில் ஒன்று) தேர்ந்தெடுங்கள், இரண்டு இடத்திலும் ஒரே எண் வையுங்கள், "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" எல்லாவற்றையும் அணையுங்கள். பதிந்த பிறகு ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். 24 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல மேலே முழுக் கறுப்பாக இருந்தால் எங்கோ மாறியிருக்கிறது.

பதிவின் ஒலியளவு: கூத்தில் திரை விலகி வேஷம் வரும் இடத்தில் முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து ஏறும், கட்டியக்காரன் கத்துவான். அந்த இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து உச்சி மைனஸ் 6 முதல் மைனஸ் 10 டெசிபெலுக்குள் நிற்கும்படி வைத்து, அப்புறம் தொடாதீர்கள். 24 பிட்டில் குறைவாக ஏற்றினால் நஷ்டம் இல்லை. பூஜ்யத்தைத் தொட்டு நசுங்கினால் திரும்ப ஓட்ட வேண்டும்.

நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தம்பி ஆசைப்படுகிற அளவுக்கு, கேட்பதற்கான நகலில் போடட்டும். மூலத்தில் நார்மலைஸ் (மொத்த ஒலியளவை ஏற்றுவது) கூட வேண்டாம்.

பிரதி மூன்று: வெவ்வேறு கம்பெனி டிஸ்க் இரண்டு, மூன்றாவது வேறு ஊரில். டிவிடியில் எரிக்காதீர்கள், நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண் (கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பு மாறினால் மாறும்) எடுத்து ஒரு உரைக்கோப்பில் வைத்து, வருடம் ஒரு முறை ஒப்பிடுங்கள். டிஸ்க் சத்தமில்லாமல் கெடும். ஒப்பிடாவிட்டால் கெட்டதையே மூன்று பிரதி எடுத்து வைத்திருப்பீர்கள்.

நேரம்: 90 நிமிட கேசட் ஒன்றுக்குச் சுத்தம், அசிமத், ஓட்டம், விவரக்குறிப்பு எல்லாம் சேர்த்து 4 முதல் 4.5 மணி. 180-க்கு 800 மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 12 மணி வேலை என்றால் ஒன்றேகால் வருடம். நான்கு கேசட்டை ஒரே நேரத்தில் ஓட்டி முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த நான்கையும் யார் காது கொடுத்துக் கேட்பது என்று கேளுங்கள்.

---

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தொழில்நுட்பம் எல்லாம் மேலே சொல்லிப்போட்டினம். விவரக்குறிப்பைப் பற்றி ஒருவரும் பெரிதாகச் சொல்லவில்லை.

கசெற்றை மெசினில் போட முதல் அதன் இரண்டு பக்கத்தையும், உறையையும், உள்ளே மடித்து வைத்த துண்டுக் கடதாசியையும் படம் எடுங்கோ. உறையில் பென்சிலால் எழுதினது அப்பிடியே இருக்கட்டும், பிழை எண்டாலும் திருத்த வேண்டாம். திருத்தத்தை வேறு பத்தியில் எழுதுங்கோ. கோப்புக்குப் பெயராக ஊர்ப்பெயரையோ கூத்துப்பெயரையோ வைக்க வேண்டாம். சேகரிப்பு எண், கசெற் எண், பக்கம் மூன்றும் போதும், அதுவும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும், இடைவெளி இல்லாமல். தமிழ்ப் பெயர் சில மென்பொருளில் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஊர், திகதி, குழு, வாத்தியார், வேசம் கட்டினவர், பதிந்தவர், பதிந்த கருவி எல்லாம் அட்டவணையில் வரட்டும். பிறகு அவற்றைப் பிடபிள்யூஎஃப் மெட்டாஎடிட் என்கிற மென்பொருள் மூலம் கோப்புக்குள்ளேயும் எழுதலாம், இலவசம்.

விடிய விடிய நடந்த கூத்து எண்டால் ஒரு இரவுக்கு ஐந்து ஆறு கசெற் வரும். எது எதற்குப் பிறகு என்கிறது பெட்டியில் அடுக்கியிருக்கிற ஒழுங்கில் மட்டும்தான் சில நேரம் இருக்கும். ஆகவே கலைக்க முதல் பெட்டியை மேலேயிருந்து ஒரு படம் எடுங்கோ.

இணையத்தில் விடுகிற நேரம் உரிமையையும் பாருங்கோ. இந்தியச் சட்டத்தில் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 60 வருடம், நிகழ்த்துனர் உரிமை 50 வருடம். உங்கட பதிவு 1978-இல் தொடங்குது, ஆகவே நிகழ்த்துனர் உரிமை இன்னும் முடியாமல் இருக்கக்கூடும். கூத்துக்குழுவின்ர பிள்ளைகள் ஊரில் இருப்பினம், ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ, அவைக்கு ஒரு பிரதியும் கொடுங்கோ. படுகளம் (துரியோதனன் வீழுகிற சடங்கு), சாமி ஆடுறது மாதிரி இடங்களைப் பொதுவில் விடலாமோ எண்டு கோயில்காரரைக் கேட்டுவிட்டு விடுங்கோ. எங்கட பக்கத்தில் 2005-இல் தொடங்கின நூலகம் திட்டத்தின் ஆவணகம் தளத்தில் ஒலிப்பதிவுகளும் இருக்கு. விவரக்குறிப்பு எப்பிடி அமைக்கிறது என்று பார்க்க அது நல்ல மாதிரி.

---

கூத்துப்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டெக் கிடைத்துவிட்டது, பெல்ட் மாற்றியாயிற்று. அசிமத் திருப்பியதும் ஜால்ரா பளிச்சென்று திறந்தது, உறுமலும் சார்ஜரைப் பிடுங்கியதும் போயிற்று.

இப்போது ஒரு சந்தேகம். 1983 திருவிழாப் பதிவில் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. ஏ பக்கம் தொடங்கும்போது இருப்பதைவிட பி பக்கம் முடியும்போது ஹார்மோனியம் கிட்டத்தட்ட ஒரு ஸ்வரஸ்தானம் மேலே. டெக் கோளாறா? 78 தட்டையும் இதோடு தொடங்கலாமா?

---

நாலாவது ஹெட் எழுதியது:

டெக் இல்லை. வேறு கேசட்டில் அப்படி ஏறவில்லை என்றால் பதிவு செய்த கருவியின் பேட்டரி இறங்கியிருக்கிறது. மோட்டார் மெதுவாகப் போனபோது பதிவானதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டுகிறீர்கள், அதனால் மேலே ஏறுகிறது. ஹார்மோனியம் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பாடுகிறவர் விடியற்காலையில் சுருதி மாறியிருக்கலாம், ஹார்மோனியக் கட்டை மாறாது. ஒரு ஸ்வரஸ்தானம் என்றால் சுமார் 6 சதவீத வேக வித்தியாசம்.

மூலக்கோப்பை அப்படியே விடுங்கள். நகலில் திருத்தும்போது "சேஞ்ச் பிட்ச்" போடாதீர்கள்; வேகமும் சுருதியும் சேர்ந்துதான் மாறியிருக்கின்றன, சேர்த்தே மாற்ற வேண்டும். படிப்படியாக ஏறுவதால் ஆடாசிட்டியில் டைம் டிராக் (ஓடும் வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றும் தடம்) சேர்த்து, தொடக்கத்தில் 100, முடிவில் 94 என்று கோடு இழுங்கள். கோடு ஒரே நேராக இருக்காது, பேட்டரி கடைசியில்தான் மளமளவென்று இறங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து ஹார்மோனியத்தோடு ஒப்பிடுங்கள்.

சரியான கட்டை எது என்பதற்கு அதே இரவின் அடுத்த கேசட்டைப் பாருங்கள். புது பேட்டரி போட்டிருந்தால் சுருதி சட்டென்று கீழே குதித்திருக்கும். அந்தக் குதித்த இடம்தான் உங்கள் அளவுகோல். ஸ்பெக்ட்ரோகிராமில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் அருகே மின் உறுமல் கோடு தெரிந்தால் அதுவும் உதவும், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். திடலில் ஜெனரேட்டர் ஓடியிருக்கலாம். கம்பி மின்சாரம் என்றாலும் அந்நாளில் அலைவெண் 50-க்குக் கீழே இறங்குவது சாதாரணம்.

---

பிட்கணக்கு எழுதியது:

78 தட்டு கடைசியில். கம்பெனி வெளியிட்ட தட்டுக்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு, உங்கள் கேசட்டுக்கு இல்லை.

அதுவரை தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்து அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும். ஆல்கஹால் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர், மென்மையான தூரிகை, லேபிள் நனையாமல். ஓட்டும்போது எல்பி ஊசி வேண்டாம். 78 பள்ளத்துக்கு சுமார் 3 மில், அதாவது 76 மைக்ரான் ஊசி வேண்டும். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் உருண்டு கரகரப்பைத்தான் எடுக்கும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில், ஆர்ஐஏஏ (எல்பி தட்டுக்கான ஈக்வலைசேஷன்) இல்லாத ஃபிளாட் பிரீஆம்பில் ஏற்றுங்கள். பள்ளத்தின் எந்தச் சுவர் குறைவாகத் தேய்ந்திருக்கிறது என்று பிறகு தேர்ந்துகொள்ளலாம். லேபிளில் 78 என்று இருந்தாலும் பழைய தட்டுகள் அந்த வேகத்தில் பதிவானவை என்று நினைக்காதீர்கள், 70 முதல் 80-க்கு மேலும் போகும். வேகம் மாற்றக்கூடிய டர்ன்டேபிள் தேடுங்கள்.

முதலில் அந்த மூன்று வினிகர் ஸ்பூலுக்கு வழி பாருங்கள். 180 கேசட்டும் ஒரு வருடம் காத்திருக்கும், அவை காத்திருக்காது.